பீரோ திறந்து கொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புள்ள ரங்கூன் தமிழ்ச் சொந்தங்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறையில் நம் பிள்ளைகளுக்கு நடத்திய வடிவமைப்பு வகுப்பு நல்லபடியாக முடிந்தது. கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று தெரியாத ஊரில் கம்ப்யூட்டரை நம்பிப் போஸ்டர் போடக் கற்றுக்கொடுப்பது நடக்கிற காரியமா? துணியை விரித்துப் பாடம் நடத்தலாம் என்றேன். சிரிக்காமல் பீரோவைத் திறந்தீர்களே, அதற்குத்தான் இந்த மடல்.

முதல் நன்றி, கல்யாணக் காஞ்சிப் பட்டைக் கொடுத்த பெரியம்மாவுக்கு. முந்தியில் ஜரிகை நிறைந்து கிடக்கிறது, உடலில் புட்டா என்கிற சின்னப் பூ வேலை தள்ளித் தள்ளி நிற்கிறது. கண் முதலில் எங்கே போகிறது என்று கேட்டேன். எல்லார் விரலும் முந்தியைக் காட்டியது. போஸ்டரில் தலைப்பு எது, விவரம் எது, எங்கே வெறுமனே விடவேண்டும் என்று அதற்குமேல் நான் விளக்கவில்லை. ஒரு பையன் ஸ்கேல் வைத்து அளந்து, புட்டா வரிசை ஒன்றுவிட்டு ஒன்று பாதி இடம் நகர்ந்திருப்பதைக் கண்டுபிடித்தான். அரக்குக் கரையும் பச்சை உடலும் கத்தி வைத்து வெட்டியது போலச் சந்திக்கும் இடத்தைக் காட்டி, உடலுக்கு ஒன்று, கரைகளுக்கு ஒவ்வொன்று என்று, ஊடையை, அதாவது குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடா மூன்று ஓடும் கோர்வை நெசவைப் பெரியம்மாவே விளக்கினார்.

அப்புறம், அமரபுராவில் நெய்கிற அலை அலையான அச்செய்க் பட்டில் தைத்த தன் தமெயினை, அதாவது பர்மியப் பெண்கள் இடுப்பில் சுற்றிக் கட்டும் உடையைத் தந்த பக்கத்து வீட்டு பர்மிய அம்மாவுக்கு. நூறு, இருநூறு சின்ன நாடாக்களைக் கையால் கோத்துக் கோத்து அந்த அலையை நெய்கிறார்கள். தூரத்தில் வழுவழுவென்று வளைகிறது. பூதக்கண்ணாடி வைத்தால் எல்லாம் படி! ஊடை வரிக்கு வரி சில இழை நகர்ந்துதான் வளைவே பிறக்கிறது. "சயா (வாத்தியார்), போனில் போட்டோவைப் பெரிசாக்கினால் கட்டம் கட்டமாகத் தெரியுமே, அதுதானே இது?" என்றாள் ஒரு பெண். அன்றைக்கு வேறு பாடம் எடுக்கவில்லை.

கிராஃப் நோட்டை அடக்க விலைக்குக் கொடுத்த ஸ்டேஷனரி கடை அண்ணன், மண்டபம் தந்த கோயில் கமிட்டி, மொகிங்கா (மீன் குழம்பு நூடுல்ஸ்) அனுப்பிய ஆச்சி எல்லாருக்கும் நன்றி.

அச்சகத்து மாமாவுக்குத் தனி நன்றி. ஆடி மாத அன்னதான நோட்டீஸைத் தமிழிலும் பர்மிய மொழியிலும் பிள்ளைகளையே போடவிட்டார். தமிழ்ச் சொல் அகலம் கேட்கும். பர்மிய எழுத்து மேலும் கீழும் குறி வைத்து அடுக்குவதால் உயரம் கேட்கும். கட்டம் போட்டு இரண்டுக்கும் இடம் பிரித்தார்கள். நம் நோட்டீஸ்களில் உபயதாரர் போட்டோக்களுக்கு நடுவே அம்மனைத் தேடவேண்டியிருக்கும். இதில் அம்மன் ஒருத்திதான். போட்டோவை விட்டுக்கொடுத்த உபயதாரர்களே, உங்கள் மனசு பெரிசு.

துணிகளை மடித்துப் பெயர் எழுதி வைத்திருக்கிறோம். ஞாயிறு காலை பூஜை முடிந்ததும் மண்டபத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பெரியம்மா, உங்கள் சேலையை நானே வீட்டுக்குக் கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
வகுப்பு நடத்திய சயா