ஏற்காடு பஸ்ஸில் ஒரு சாக்கு

ஆட்டிசம் உள்ள தம்பிக்குத் துணையாக இருக்கும் உதவி நாய் மணி, நேற்று சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிட்டான். அரைக் கிண்ணம் தயிர்சாதமும் சாப்பிட்டான். அவன் ஆஸ்பத்திரியில் கிடந்த அந்த எட்டு நாட்கள் உங்களுக்கே தெரியும். திரும்பச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

ரத்தம் கொடுக்கத் தங்கள் நாயோடு ராத்திரியில் ஓடி வந்த அஸ்தம்பட்டிக் குடும்பம், கால்நடை மருத்துவர், காசு வாங்காத ஆட்டோக்காரர் எல்லோரையும் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் இந்த மடல் முக்கியமாக ஏற்காடு பஸ் கண்டக்டர் அண்ணாவுக்கு.

மணி வந்தபோது தம்பிக்கு 11 வயது. ரோட்டைக் கண்டால் ஓடுவான். அவன் இடுப்பு பெல்ட்டுக்கும் மணியின் உடம்பு வாருக்கும் ஒரு கயிறு. இவன் பாய்ந்தால் மணி நாலு காலையும் ஊன்றி நின்றுவிடுவான். மணியின் வார்ப் பிடி என் கையில். இப்போது தம்பிக்கு 18. கயிறு பரணில் கிடக்கிறது, பிடி அவன் கைக்குப் போய்விட்டது. பதற்றத்தில் காதைப் பொத்திக்கொண்டு முன்னும் பின்னும் ஆட ஆரம்பித்தால், அவனே "மடி" என்பான். மணி முன்னங்கால்களை ஏற்றி மடியில் பாரமாகச் சாய்வான். கொஞ்ச நேரத்தில் மூச்சு சீராகிவிடும். ஏற்காட்டில் மிளகு பேக்கிங் வேலைக்கு அவன் போவது இந்தத் தெம்பில்தான்.

பஸ்ஸில் நாயா என்று கேட்பவர்களிடமெல்லாம் தம்பியின் மாற்றுத்திறனாளி அட்டையை நீட்டி, 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் உண்டு என்று வாதாடிப் பழகியவள் நான். உங்களிடம் அட்டையை எடுக்கவே இல்லை. 20 கொண்டை ஊசி வளைவிலும் மணி வழுக்குவதைப் பார்த்து, நீங்களாகவே முன்சீட்டுப் பக்கம் ஒரு சாக்கை விரித்தீர்கள்.

மணி ஆஸ்பத்திரியில் இருந்த மூன்றாம் நாள். கோரிமேட்டில் தம்பி படியேற மாட்டேன் என்று நின்றுவிட்டான். பின்னால் ஒரே ஹாரன். நீங்கள் விசில் அடிக்கவில்லை. உள்ளே போய் அந்தச் சாக்கை உதறி, அதே இடத்தில் விரித்தீர்கள். "மணி இடம் அப்படியே இருக்கு தம்பி, யாரும் மிதிக்க மாட்டாங்க." ஏறிவிட்டான். வளைவுகளை எண்ணுவது அவன் வழக்கம். அன்று வாயே திறக்கவில்லை. டிக்கெட் போட்டுக்கொண்டே நீங்கள் "ஒண்ணு... ரெண்டு..." என்று ஆரம்பித்தீர்கள். ஏழாவதில் அவனும் சேர்ந்துகொண்டான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மணிக்கு 9 வயதாகிறது. இந்த வேலை பார்க்கும் நாய்களுக்குப் பத்து வயதையொட்டி ஓய்வு கொடுத்துவிடுவார்கள். அப்புறமும் அவன் எங்கள் வீட்டில்தான் இருப்பான், யாருக்கும் தரமாட்டேன். அவன் இல்லாமல் தம்பி மலையேறுவானா என்று இதுவரை நினைக்கவே பயந்தேன். இப்போது கொஞ்சம் நினைத்துப் பார்க்கிறேன்.

சாக்கைத் துவைக்கக் கேட்டு வாங்கி வந்தேனே, காய்ந்துவிட்டது அண்ணா. திங்கட்கிழமை மணியோடு கொண்டு வருகிறோம்.