முட்டை வேகும் முன்பே அடுப்பை அணையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் சமையல் பக்கத்தில் வாராவாரம் நண்டுப் பிரட்டல், ஆட்டிறைச்சி வருவல் என்று வருகிறது, சந்தோஷம்தான். ஆனால் காலையில் அவசரமாகப் பசியாற நம் வீடுகளில் கை போவது முட்டைக்குத்தானே, அதைப் பக்குவமாகக் கிளறத் தெரிந்தவர்கள் ரொம்பக் குறைவாக இருக்கிறார்கள் என்பதால் இதை எழுதுகிறேன்.

போன மாதம் கோலாலம்பூரில் ஒரு ஹோட்டலில் தங்கினோம். காலை பஃபேயில் கிளறிய முட்டை இருந்தது. ஓரமெல்லாம் பச்சை கலந்த சாம்பல் நிறம், அடியில் தண்ணீர் தேங்கி நின்றது. "பாட்டி, கெட்டுப்போச்சா?" என்று பேத்தி தட்டைத் தள்ளிவிட்டாள். கெட்டுப்போகவில்லை. முட்டை நெடுநேரம் சூட்டிலேயே கிடந்தால் வெள்ளைக்கருவின் கந்தகமும் மஞ்சள்கருவின் இரும்பும் சேர்ந்து அந்த நிறம் வந்துவிடும். தண்ணீர் விடுவதும் சூட்டால்தான், புரதம் இறுக இறுக ஈரத்துணியைப் பிழிந்த மாதிரி உள்ளே இருக்கும் நீரையெல்லாம் வெளியே தள்ளிவிடும்.

வெள்ளைக்கரு 62 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே உறைய ஆரம்பித்துவிடுகிறது, மஞ்சள்கரு 65-லிருந்து 70-க்குள் கெட்டியாகிவிடும். தண்ணீர் கொதிக்கிற சூடுகூட வேண்டாம். நாமோ குவாலிச் சட்டியில் எண்ணெய் புகை வரும்போது ஊற்றுகிறோம்! வெங்காயம், பச்சை மிளகாய் போட்டுச் செய்கிற முட்டைப் பொரியலுக்கு அந்தச் சூடுதான் ருசி, அதை நான் குறை சொல்லவில்லை. நான் சொல்வது ரொட்டியோடு சாப்பிடுகிற மெத்தென்ற முட்டை.

மூன்று முட்டைக்கு இரண்டு சிட்டிகை உப்புப் போட்டு, வெள்ளையும் மஞ்சளும் தனித்தனியாகத் தெரியாதபடி அடித்து, கால் மணி நேரம் அப்படியே வையுங்கள். முன்கூட்டியே உப்புப் போட்டால் முட்டை நீர்த்துவிடும் என்பார்கள், நான் செய்து பார்த்ததில் ஈரம் உள்ளேயே நிற்கிறது. பால் வேண்டாம், அது தண்ணீரைத்தான் கூட்டும். ஒட்டாத சட்டியில் பட்டர் உருகியதும் சின்னத் தீயில் ஊற்றி, அடியைத் தடவித் தடவிக் கிளறிக்கொண்டே இருங்கள். முதலில் ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும், அப்புறம் கரண்டி போன இடத்தில் சட்டியின் அடி ஒரு நொடி தெரிந்து மறுபடி மூடிக்கொள்ளும், அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்துவிடும். இன்னும் கொஞ்சம் வேகணுமே என்று தோன்றுகிற அந்த நிமிடத்திலேயே அடுப்பை அணைத்து, குளிர்ந்த பட்டர் ஒரு துண்டு போட்டுக் கிளறித் தட்டுக்கு மாற்றிவிடுங்கள். மீதியைச் சட்டியின் சூடே பார்த்துக்கொள்ளும்.

இப்படிச் செய்து கொடுத்தால் 'வேகலை' என்று திருப்பிக் கொடுக்கிறார்கள். கோப்பிக்கடையில் அரைவேக்காட்டு முட்டையில் மிளகுத்தூள் தூவி, கிச்சாப் என்கிற சோயா சாஸும் ஊற்றிக் கலக்கிக் குடிக்கிற அதே ஆட்கள்தான்! கர்ப்பிணிகள், சின்னப் பிள்ளைகள், வயதானவர்களுக்கு மட்டும் சால்மொனெல்லா கிருமிக்குப் பயந்து 71 டிகிரி வரை முழுசாக வேகவைத்துக் கொடுக்க வேண்டும், சின்னத் தீயில் அதையும் காயாமல் செய்யலாம்.

ஆசிரியர் ஐயா, சமையல் குறிப்பு எழுதுகிறவர்களிடம் ஒன்று சொல்லுங்கள். 'நன்றாக வேகவிடவும்' என்று ஒரு வரியில் முடிக்காமல் தீ எவ்வளவு, சட்டியில் என்ன தெரிந்தால் அணைக்க வேண்டும் என்று எழுதட்டும்.

அன்புடன்,
ஒரு வாசகி,
பிறை, பினாங்கு