சூடான் மேல தடைன்னு போடாதீங்க, டார்ஃபூர்னு போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சூடான்ல எல் ஃபாஷர் நகரம் விழுந்த செய்திக்குக் கீழ ஒரு சின்ன பெட்டி போட்டிருந்தீங்க, அதுல "சூடான் மீதான ஐ.நா. ஆயுதத் தடை ஏற்கனவே ஓராண்டு நீட்டிக்கப்பட்டுள்ளது"ன்னு ஒரு வரி. மத்ததெல்லாம் சரியாத்தான் இருந்துச்சு, அந்த ஒரு வரிதான் தப்பு. போனா போகுதுன்னு விட்டுடலாம்னு பார்த்தேன், ரெண்டு நாளா மனசு கேக்கல, அதான் உக்காந்து டைப் பண்றேன். சூடான் மேல ஐ.நா. ஆயுதத் தடை எதுவும் கிடையாது சார். டார்ஃபூர் மேலதான் இருக்கு. டார்ஃபூர்ங்கறது அந்த நாட்டோட மேற்குப் பக்கம், அதுவே ஏறக்குறைய பிரான்ஸ் அளவுக்கு வரும், ஆனா அது மட்டும்தான். மீதி சூடானுக்கு யார் வேணும்னாலும் பீரங்கி விக்கலாம் ட்ரோன் விக்கலாம், ஐ.நா. கணக்குப்படி அதுல குத்தமே இல்ல.

இவன் யாரு இதெல்லாம் சொல்லன்னு கேப்பீங்க. 2014லேருந்து 2023 ஏப்ரல் வரைக்கும் சூடான் தலைநகர் கார்ட்டூம்ல ஒரு கம்பெனில கணக்கு பார்த்தவன் நான். ஏப்ரல் 15 சனிக்கிழமை காலைல ராணுவத்துக்கும் ஆர்.எஸ்.எஃப்.ங்கற துணைப்படைக்கும் சண்டை ஆரம்பிச்சப்போ ரூம்ல ஆறு பேர் இருந்தோம், பத்து நாள் ஜன்னல் பக்கமே போகல, அப்புறம் ஒரு பஸ் பிடிச்சு போர்ட் சூடான் வந்து அங்கேருந்து நேவி கப்பல்ல ஜெத்தா வந்து ஊர் திரும்பினவங்கள்ல ஒருத்தன். ஆபரேஷன் காவேரின்னு பேர் வச்சு 3,800 பேருக்கு மேல மீட்டாங்களே, அந்தக் கூட்டத்துல நானும் இருந்தேன். நான் வந்துட்டேன். எங்க ஆபீஸ் டிரைவர் எல் ஃபாஷர்காரர், அவர் எப்படியோ கெய்ரோ போய்ச் சேர்ந்துட்டார், அவர் தங்கச்சி குடும்பம் மட்டும் ஊர்லயே மாட்டிக்கிச்சு.

இந்தத் தடையோட கதை கொஞ்சம் விசித்திரமானது. 2004 ஜூலைல 1556ன்னு ஒரு தீர்மானம், அது டார்ஃபூர்ல இருந்த ஜன்ஜவீத் மாதிரி அரசாங்கம் சாராத கூட்டங்களுக்கு மட்டும். அவங்களுக்குத் துப்பாக்கி குடுத்ததே அரசாங்கம்தான்னு ஊருக்கே தெரியும், அதனால 2005 மார்ச்ல 1591 வந்து டார்ஃபூர்ல சண்டை போடுற எல்லாருக்கும்னு ஆச்சு. கூடவே ஆள் பேர் போட்டு பயணத் தடை, சொத்து முடக்கம். அதுக்கு அப்புறம் ரொம்ப காலத்துக்கு இந்தத் தடைக்கு காலாவதி தேதியே கிடையாது. 2023 மார்ச்லதான், சூடான் அரசாங்கம் இதை எடுத்து விடுங்கன்னு கேட்டுக்கிட்டே இருந்ததால, 2024 செப்டம்பர் 12ன்னு முதல் தடவையா ஒரு கடைசித் தேதி வச்சாங்க. வச்சு ஒன்றரை மாசம் கூட ஆகல, நாடே பத்திக்கிச்சு. அன்னிலேருந்து செப்டம்பர் வந்தா ரினியூவல். 2024ல ஒண்ணு, 2025 செப்டம்பர் 12ந் தேதி இன்னொண்ணு, அது 2791ம் நம்பர் தீர்மானம், 2026 செப்டம்பர் 12 வரைக்கும் செல்லும். ஒரு கமா மாத்தாம அப்படியே நீட்டுறதுக்கு அங்க டெக்னிக்கல் ரோல்ஓவர்னு பேராம். எங்க ஆபீஸ்ல ஜெனரேட்டருக்கு வருஷா வருஷம் சர்வீஸ் கான்ட்ராக்ட் ரினியூ பண்ணுவோம், யாரும் வந்து ஜெனரேட்டரைப் பார்க்க மாட்டாங்க, கையெழுத்து மட்டும் ஒழுங்கா நடக்கும், அந்த ஞாபகம்தான் எனக்கு வந்துச்சு.

செப்டம்பர் 12ந் தேதி ரினியூவல், அக்டோபர் 26ந் தேதி எல் ஃபாஷர் ஆர்.எஸ்.எஃப். கைக்குப் போச்சு. நாப்பத்தி நாலு நாள். இது டார்ஃபூருக்கு வெளிய எங்கயோ நடந்ததுன்னா கூட பரவால்ல, தடை இருக்கிற அதே டார்ஃபூர்ல, வடக்கு டார்ஃபூரோட தலைநகர்ல நடந்துச்சு. 2024 ஜூன்ல முற்றுகையை நிறுத்துன்னு பாதுகாப்பு கவுன்சில் 2736ன்னு தனியா ஒரு தீர்மானம் வேற போட்டிருந்தாங்க, 14 ஓட்டு, ரஷ்யா மட்டும் போடல. அதுக்கப்புறமும் ஒரு வருஷத்துக்கு மேல முற்றுகை. 2025 ஆகஸ்ட்ல சாட்டிலைட் படத்துல பார்த்தா ஊரைச் சுத்தி ஆர்.எஸ்.எஃப்.காரன் 30 கிலோமீட்டருக்கு மேல மண்ணைக் குவிச்சு கரை கட்டி வச்சிருக்கான், மாவு மூட்டை உள்ள போகக்கூடாது ஆள் வெளிய வரக்கூடாதுன்னு. உள்ள ரெண்டரை லட்சம் பேருக்கு மேல, பாதி குழந்தைங்க.

டிரைவரோட தங்கச்சி அனுப்பின ஒரு வாய்ஸ் மெசேஜை அவர் எனக்கும் போட்டுக் காட்டினார். என் அரபி கடைத்தெரு அரபிதான், ஆனா ஒரு வார்த்தை மட்டும் திரும்பத் திரும்ப வந்துச்சு, அம்பாஸ், அம்பாஸ்னு. எனக்குத் தெரிஞ்ச வார்த்தைதான் அது. கடலை எண்ணெய் ஆட்டினதுக்கு அப்புறம் மிஞ்சுற புண்ணாக்கு. மாட்டுக்கும் ஆட்டுக்கும் போடுறது. அதைத் தண்ணில ஊறவச்சு பிள்ளைகளுக்குக் குடுக்கறோம்னு சொல்றா, அதுவும் விலை ஏறிப்போச்சுன்னு சொல்றா, அழக்கூட இல்ல, கடைக்காரன்கிட்ட பேசுற மாதிரி சாதாரணமா சொல்றா. இவர் கெய்ரோலேருந்து போன்ல பங்கக் ஆப்ல காசு அனுப்புவார், அங்க அதை நோட்டா மாத்தித் தர்றவன் கமிஷன்னு பாதிக்குக் கிட்ட பிடிச்சுக்குவான். கடைசில புண்ணாக்கும் இல்லாம போச்சு. ஊர் விழுந்தப்புறம் சவூதி மகப்பேறு ஆஸ்பத்திரில நோயாளிங்களும் கூட இருந்தவங்களுமா 460 பேருக்கு மேல கொல்லப்பட்டதா உலக சுகாதார அமைப்பு சொல்லுச்சு. 2009ல இலங்கைல ஆஸ்பத்திரி மேல ஷெல் விழுந்த செய்தியை தினமும் படிச்சவங்க நாம, இதுக்கு மேல விளக்கம் தேவையில்ல.

சரி, தடை இருக்கும்போதே ஆயுதம் எப்படிப் போச்சு? ஒளிவு மறைவு எதுவும் இல்ல, ஐ.நா.வோட சொந்த நிபுணர் குழுவே எழுதியிருக்கு. ஐக்கிய அரபு எமிரேட்ஸ்லேருந்து விமானம் சாட் நாட்டு அம்ஜராஸுக்கு வருது, அங்கேருந்து எல்லை தாண்டி டார்ஃபூருக்குப் போகுதுங்கற புகார் நம்பத்தகுந்ததுன்னு 2024 ஜனவரி அறிக்கைல இருக்கு. எமிரேட்ஸ் இல்லவே இல்லங்குது, நாங்க ஃபீல்டு ஆஸ்பத்திரி நடத்துறோம், உதவிப் பொருள் அனுப்புறோம்னு சொல்லுது. ஆனா பல்கேரியா செஞ்சு 2019ல எமிரேட்ஸ் ராணுவத்துக்கு வித்த மோர்ட்டார் குண்டு டார்ஃபூர்ல கிடைச்சுது. இதுல கூத்து என்னன்னா ஐரோப்பிய யூனியன் 1994லேருந்தே முழு சூடானுக்கும் தனியா ஆயுதத் தடை போட்டு வச்சிருக்கு, பல்கேரியா அந்த யூனியன்லதான் இருக்கு. கேட்டா நாங்க சூடானுக்கு விக்கலையே, வேற நாட்டுக்குத்தானே வித்தோம்னு பதில்.

இந்த ஒரு விஷயத்தைப் புரிஞ்சிக்கிட்டா நான் ஏன் ஒரு வார்த்தைக்கு இவ்வளவு நீளமா எழுதறேன்னு புரியும். எல்லைக்கோடு டார்ஃபூரோட நின்னா, அதுக்கு வெளிய இருக்கற கார்ட்டூம்லயோ கொர்டோஃபான்லயோ இறங்கின பெட்டி அப்புறம் மேற்கே லாரி ஏறினா யாரு பிடிக்கறது, அது "எப்போ" தடையை மீறுச்சுன்னு யாரு நிரூபிக்கறது? துப்பாக்கிக்கு என்ன விசாவா குத்துறாங்க. நாடு முழுக்க தடைன்னு ஆகட்டும், அப்ப சூடானுக்கு ஆயுதம்னு ஒரு ரசீது இருந்தாலே குத்தம். ஐ.நா. உண்மை கண்டறியும் குழு 2024 செப்டம்பர்லயே இதைத்தான் கேட்டுச்சு, முழு நாட்டுக்கும் நீட்டுங்கன்னு. ரெண்டு செப்டம்பர் போயிடுச்சு, ரெண்டு தடவையும் டார்ஃபூரோட நிறுத்திட்டாங்க.

ஆள் பேர் பட்டியல் சமாச்சாரம் இன்னும் மோசம். 2006ல நாலு பேர். அப்புறம் 2024 நவம்பர்லதான் ஆர்.எஸ்.எஃப். தளபதிங்க ரெண்டு பேரைச் சேர்த்தாங்க. அதுல ஒருத்தர் அப்தெல் ரஹ்மான் ஜுமா, மேற்கு டார்ஃபூர்ல தளபதியா இருந்தவர். அங்க எல் ஜெனீனா ஊர்ல 2023ல மட்டும் 10,000லேருந்து 15,000 பேர் வரை கொல்லப்பட்டிருக்கலாம்னு அதே நிபுணர் குழு கணக்கு சொல்லுது. நடந்து ஒரு வருஷம் கழிச்சு பேரைச் சேர்த்து, இனிமே ஃப்ளைட் ஏறக்கூடாதுன்னு சொல்றாங்க. அவர் எங்க ஃப்ளைட் ஏறப் போறார்.

உங்க பேப்பர்லயே போன மாசம் ஒரு வாசகர், தடைன்னாலே ஏழை வயித்துல அடிக்கறதுதான், எடுத்துடணும்னு எழுதியிருந்தார். அவர் சொல்றதுல பாதி எனக்கு அனுபவம். அமெரிக்கா 1997லேருந்து 2017 வரைக்கும் சூடான் மேல பொருளாதாரத் தடை வச்சிருந்துச்சு, அதுல மூணு வருஷம் நான் அங்க குடியிருந்தேன். ஏ.டி.எம்.ல நம்ம கார்டு போட்டா வேலை செய்யாது, டாலரை பெல்ட்டுக்குள்ள வச்சு கொண்டு போவோம், ஆபீஸ்ல ஒரு மெஷின் ஸ்பேர் பார்ட் வாங்க மூணு நாடு சுத்தி பில் போடணும். ஆனா அதே தடைல வேலம்பிசின் மாதிரி ஒரு கோந்துக்கு, அரேபிய கோந்துங்கறாங்களே, அதுக்கு மட்டும் விலக்கு. கூல்டிரிங்க்ஸ் கம்பெனிகளுக்கு அது இல்லாம ஆகாது, உலகத்துலயே அதிகமா கிடைக்கறது சூடான்லதான். அந்தத் தடையை யாராவது திட்டினா நானும் கூடச் சேர்ந்து திட்டுவேன். ஆனா இது அது இல்ல. பீரங்கிக்கும் ஒரு சில தளபதிக்கும் போடுற தடைல டிரைவரோட சோறு எங்கயும் மாட்டாது, ரெண்டையும் தடைங்கற ஒரே சாக்குல போட்டுக் கட்டினா லாபம் யாருக்குன்னு யோசிங்க.

இன்னொரு பக்கத்து நியாயமும் இருக்கு. முழு நாட்டுக்கும் தடைன்னா ராணுவமும் சேர்ந்து மாட்டும், அதுதானே ஐ.நா.ல உக்காந்திருக்கற அரசாங்கம், ஜன்ஜவீத்லேருந்து வந்த கூட்டத்தையும் அரசாங்கத்தையும் ஒரே தட்டுல வைக்கறதான்னு சூடான்காரங்க நிறைய பேர் கோவப்படுவாங்க, எங்க டிரைவரே என்கிட்ட சண்டை போட்டார். எனக்கும் ரெண்டும் ஒண்ணு இல்லன்னுதான் தோணுது. ஆனா 2024 டிசம்பர்ல வடக்கு டார்ஃபூர் கப்காபியா சந்தை மேல விமானத்துலேருந்து குண்டு போட்டதுல நூறு பேருக்கு மேல செத்ததா சொல்றாங்களே, விமானம் ராணுவத்துக்கிட்ட மட்டும்தானே இருக்கு. சந்தைல செத்தவனுக்கு எந்தத் தட்டுன்னு கேட்டேன், போனை வச்சுட்டார், மறுநாள் அவரே கூப்பிட்டார்.

தங்கத்தைப் பத்தியும் சொல்லணும். சண்டைக்கு காசு தங்கத்துலேருந்துதான் வருது, ரெண்டு பக்கத்துக்குமே. ராணுவத்து கைல இருக்கற பகுதிலேருந்து போற தங்கம் கூட பெரும்பாலும் எமிரேட்ஸுக்குத்தான் போகுது, அதே நாட்டை அனைத்துலக நீதிமன்றத்துக்கு இழுத்தது சூடான் அரசாங்கம், அந்த கேஸ் 2025 மே மாசம் அதிகார வரம்பு இல்லன்னு தள்ளுபடி ஆச்சு. ஐ.நா. தடைல தங்கத்தைப் பத்தி ஒரு வரி கிடையாது. துபாய்ல நம்ம ஆளுங்க லட்சக்கணக்குல வேலை பார்க்கறாங்க, எழுத ஒரு கூச்சம் வரும்தான், எனக்கே அங்க சொந்தக்காரங்க இருக்காங்க. உங்க பெட்டிச் செய்தில "அண்டை நாடுகள் வழியாக ஆயுதம்"னு மொட்டையா போட்டிருந்தீங்க. எமிரேட்ஸ் அண்டை நாடு இல்ல சார், நடுவுல செங்கடல் இருக்கு, சவூதி இருக்கு.

டிரைவரோட தங்கச்சி ரெண்டு பிள்ளைங்களோட நடந்தே தவிலா முகாமுக்கு வந்துட்டதா சேதி. வீட்டுக்காரர் பத்தி தகவல் இல்ல.

நான் கேக்கறது பெருசா ஒண்ணும் இல்ல. அடுத்த ரினியூவல் 2026 செப்டம்பர் 12, அது சனிக்கிழமை வருது, அதனால ஒரு நாள் முன்னாடியே ஓட்டுப் போட்டு முடிச்சிடுவாங்கன்னு நினைக்கறேன். அன்னிக்கு செய்தி போடும்போது கூடவே ஒரு சின்ன மேப் போடுங்க. தடை இருக்கற இடத்துக்கு மட்டும் கலர் அடிங்க, மீதியை வெள்ளையா விட்டுடுங்க.

இப்படிக்கு,
கார்ட்டூம்ல ஒன்பது வருஷம் கணக்கெழுதின ஒரு வாசகன்