வீனஸ்னு எழுதி மூடின ஃபைல்களைத் திரும்பத் திறங்க: ஆரோ அலுவலகத்துக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்கப் பாதுகாப்புத் துறையில, வானத்துல என்னன்னு புரியாம தெரியறதை விசாரிக்கற, ஆரோன்னு எல்லாரும் சுருக்கமா சொல்ற ஆல்-டொமைன் அனாமலி ரெசல்யூஷன் ஆபீஸ்ல வேலை பார்க்கறவங்களுக்கு வணக்கம்.

நான் உங்க நாட்டுக்காரன் இல்ல. தமிழ்நாட்டுல ஒரு சின்ன டவுன்ல இருக்கேன், மொட்டை மாடியில ஒரு ஆறு இஞ்ச் டெலஸ்கோப் வெச்சிருக்கேன், மாசத்துல ரெண்டு சனிக்கிழமை தெருப் பசங்களுக்கு நிலாவும் சனியும் காட்டுவேன், அவ்வளவுதான் என் தகுதி. ஆனா உங்க ப்ளூ புக் ஃபைல்களை, அதான் வானத்துல புரியாத வெளிச்சம் பார்த்தோம்னு ஜனங்க கொடுத்த தகவலை எல்லாம் உங்க விமானப்படை விசாரிச்ச பேப்பர்களை, ஸ்கேன் பண்ணி உங்க தேசிய ஆவணக் காப்பகம் பொதுவுல வெச்சிருக்கறதை ரொம்ப நாளா படிச்சுக்கிட்டு வர்றேன். நீங்க 2024 மார்ச்ல வெளியிட்ட வரலாற்று ரிப்போர்ட்டோட முதல் பாகத்தையும் படிச்சேன். 1945-ல இருந்து நடந்த விசாரணைகளை வரிசையா பார்த்துட்டு, வேற்றுக்கிரகத்துல இருந்து யாரும் வந்ததுக்கு ஆதாரம் இல்ல, பெரும்பாலானது சாதாரணப் பொருளைத் தப்பா புரிஞ்சுக்கிட்டதுன்னு முடிச்சிருக்கீங்க. அந்த முடிவோட எனக்குச் சண்டை இல்ல, நானும் அப்படித்தான் நம்பறேன். நான் கேக்க வந்தது, வீனஸ், அதான் வெள்ளி கிரகம், பலூன்னு எழுதி வெச்ச அந்தப் பழைய பதில்களை எல்லாம் எப்படி எழுதினாங்கங்கறதை கேஸ் கேஸா எடுத்து யாராவது சரிபார்ப்பீங்களாங்கறதுதான்.

ஏன் கேக்கறேன்னா லபக் கேஸ்.

1951 ஆகஸ்ட் 25, சனிக்கிழமை ராத்திரி ஒன்பதேகால் வாக்குல, டெக்சாஸ்ல லபக் ஊர்ல, டெக்சாஸ் டெக்னலாஜிக்கல் காலேஜ் பேராசிரியர்கள் சில பேர் ஒருத்தர் வீட்டுக் கொல்லையில உக்காந்து டீ குடிச்சுக்கிட்டு விண்கல் தூசியைப் பத்திப் பேசிக்கிட்டு இருந்தாங்க, ஒருத்தர் புவியியல், ஒருத்தர் கெமிக்கல் இன்ஜினியரிங், ஒருத்தர் பெட்ரோலியம், எல்லாரும் அளவு தெரிஞ்ச ஆளுங்க. தலைக்கு மேல இருபது முப்பது நீலப்பச்சை வெளிச்சம் சத்தமே இல்லாம வடக்க இருந்து தெற்க போச்சு, சில நொடியில முடிஞ்சு போச்சு. அவங்க அடுத்து பண்ணினதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. பயப்படல, பேப்பர்காரங்களைத் தேடியும் உடனே ஓடல, மறுபடி வந்தா யார் யார் எதைக் கவனிக்கணும்னு பேசி வெச்சுக்கிட்டாங்க. மறுபடியும் வந்துச்சு, அடுத்த சில வாரத்துல பல தடவை வந்துச்சு. உயரம் கண்டுபிடிக்கணும்னு ஊருக்கு வெளிய அளந்து வெச்ச தூரத்துல ரெண்டு குழுவா பிரிஞ்சு கையில ரேடியோவோட காத்துக்கிடந்தாங்க, அந்த ராத்திரிகள்ல அவங்க கண்ணுல எதுவும் படல, ஆனா ஊருக்குள்ள வீட்டுல இருந்த மனைவிமாருங்க ஓரிரு தடவை நாங்க பார்த்தோம்னு சொன்னாங்க. இதை நான் எத்தனை தடவை படிச்சிருப்பேன்னு தெரியாது. ஊருக்குள்ள தெரியுது, ஊருக்கு வெளிய தெரியலங்கறதே எவ்வளவு பெரிய துப்பு பாருங்க.

ஏன்னா அந்த வருஷம்தான் லபக்ல புது வேப்பர் தெருவிளக்கு போட்டிருந்தாங்க. ப்ளோவர்னு சொல்ற உப்புக்கொத்திப் பறவைங்க கூட்டமா ராத்திரியில பறக்கும்போது வெள்ளை வயித்துல அந்த விளக்கு பட்டுத் தெரிஞ்சிருக்கும்னு ஒரு விளக்கம் வந்துச்சு. பக்கத்து ஊர்ல ஒரு பெரியவர் அதே மாதிரி வெளிச்சத்தை மூணாவது தடவை பார்க்கறப்ப பறவைச் சத்தம் கேட்டுச்சு, அது உப்புக்கொத்திதான்னு அடிச்சுச் சொன்னாரு. ஆனா அந்தப் பகுதி வனவிலங்கு அதிகாரி, இந்தப் பறவை அவ்வளவு பெரிய கூட்டமா பறக்காதே, அவ்வளவு வேகமும் போகாதேன்னு சொல்லிட்டாரு. ஆகஸ்ட் கடைசியில ஒரு முதல் வருஷ காலேஜ் பையனும் கோடாக் கேமராவுல அஞ்சு ஃபோட்டோ எடுத்தான், நாடு பூரா பேப்பர்ல வந்துச்சு, அதைப் பார்த்த பேராசிரியர்களே நாங்க பார்த்தது இப்படி வி எழுத்து மாதிரி வரிசையா போகலையேன்னு சொன்னாங்க. லபக் ஊர்ப் பேப்பரோட ஃபோட்டோகிராஃபர் ராத்திரியில பறவைங்களை அதே மாதிரி எடுத்துப் பார்க்க முயற்சி பண்ணி முடியாம விட்டுட்டாரு.

இதை விசாரிச்சவர் விமானப்படை கேப்டன் எட்வர்ட் ரப்பெல்ட். அவர் மேல எனக்குப் பெரிய மரியாதை இருக்கு, யூஎஃப்ஓங்கற வார்த்தையையே புழக்கத்துக்குக் கொண்டு வந்தவர், நேர்ல லபக் போய் அந்தப் பேராசிரியர்கள்கிட்ட உக்காந்து பேசினவர். ஃபோட்டோவைப் பத்தி அவர் எழுதினது, போலின்னும் நிரூபிக்க முடியல நிஜம்னும் நிரூபிக்க முடியலன்னு. இதைவிட நேர்மையா எழுத முடியாது. ஆனா பேராசிரியர்கள் பார்த்த வெளிச்சத்தைப் பத்தி 1956-ல வந்த தன் புத்தகத்துல என்ன சொன்னாருன்னா, பறவையா இருக்கும்னு நினைச்சேன், அது தப்பு, விண்வெளிக் கப்பலும் இல்ல, ரொம்பச் சாதாரணமான இயற்கை விஷயம்தான், பதில் தெரிஞ்சு போச்சு, ஆனா கண்டுபிடிச்ச விஞ்ஞானி தன் பேர் வெளிய வரக்கூடாதுன்னு கேட்டுக்கிட்டாரு, அதனால விவரம் சொல்ல முடியாதுன்னு.

இதை நான் இன்னும் ஜீரணிக்கல. விஞ்ஞானி பேரை மறைச்சுக்கட்டும், யாரு வேணாம்னாங்க, ஆனா பதிலை எதுக்கு மறைக்கணும்? எப்படிக் கண்டுபிடிச்சாங்கன்னு சொல்லாத பதிலை வேற யாரும் சோதிச்சுப் பார்க்க முடியாது, தப்பா இருந்தா தப்புன்னு சொல்ல முடியாது. வயல்வெளியில ராத்திரி ராத்திரியா ரேடியோவைக் கையில வெச்சுக்கிட்டு நின்னவங்களுக்கு நாம குடுக்க வேண்டிய பதில் இதுவா?

இதுல நான் உத்தமன் மாதிரி பேசக்கூடாது, அதனால என் விஷயத்தையும் சொல்லிடறேன். கொஞ்ச வருஷம் முன்னாடி எங்க ஊர் மில்லுல வேலை பார்க்கற ஒருத்தர் என்னைத் தேடி வந்தாரு. செகண்ட் ஷிஃப்ட் முடிச்சு சைக்கிள்ல வர்றப்ப மேற்க பெருசா ஒரு வெளிச்சம் நின்னுச்சு சார், கொஞ்ச நேரம் கழிச்சு அணைஞ்ச மாதிரி போச்சு, அது என்னன்னாரு. அப்ப வீனஸ் சாயங்காலத்துல பளிச்சுன்னு தெரியற மாசம், நான் யோசிக்கவே இல்ல, அது வெள்ளி கிரகம்ணே, அடிவானத்துல இறங்கியிருக்கும்னு சொல்லி அனுப்பிட்டேன். அவரும் சரிங்க சார்னு போயிட்டாரு. அன்னிக்கு ராத்திரி படுத்தப்பறம்தான் உறைச்சுது, செகண்ட் ஷிஃப்ட் முடியறது பன்னெண்டு மணிக்கு. வீனஸ் சூரியனை விட்டு 48 டிகிரிக்கு மேல தள்ளிப் போகாது, எங்க ஊர்ல சூரியன் மறைஞ்சு மூணு மணி நேரம் சொச்சத்துல அதுவும் மறைஞ்சுடும், நடு ராத்திரியில மேற்க வீனஸுக்கு வழியே இல்ல. நேரம் என்னன்னு ஒரே ஒரு கேள்வி நான் கேக்கல. அவரை மறுபடி பார்க்க முடியல, மில்லு மாறிப் போயிட்டாருன்னு சொன்னாங்க. நான் தெரியலண்ணேன்னு சொல்லியிருந்தா அவர் இன்னொருத்தர்கிட்டயாவது கேட்டிருப்பாரு, அடுத்த நாள் நின்னு கவனிச்சிருப்பாரு. தப்பான பதிலைக் குடுத்து அந்தக் கேள்வியையே நான் மூடிட்டேன்.

அதனாலதான் கேப்டன் தாமஸ் மேன்டெல் ஃபைலைப் படிக்கறப்ப எனக்கு நெஞ்சு கனக்குது. 1948 ஜனவரி 7, கென்டக்கி, காட்மன் ஃபீல்ட் டவர்ல இருந்தவங்க வானத்துல ஏதோ தெரியுது போய்ப் பாருங்கன்னு சொல்ல, எஃப்-51 விமானத்துல ஆக்சிஜன் இல்லாம மேல மேல ஏறிப் போய் நினைவு தப்பி விழுந்து செத்துப் போனாரு, வயசு 25. விமானப்படை முதல்ல குடுத்த பதில் அவர் துரத்தினது வீனஸ்னு. வீனஸ் அன்னிக்கு அந்தத் திசைப் பக்கம் இருந்தது என்னவோ நிஜம், ஆனா பட்டப்பகல்ல அத்தனை பேர் கண்ணுக்கு அவ்வளவு பெருசா தெரியற அளவுக்கு அதுக்கு வெளிச்சம் கிடையாது. ஸ்கைஹூக்னு கடற்படை ரகசியமா பறக்கவிட்ட ராட்சச ப்ளாஸ்டிக் பலூனாத்தான் இருந்திருக்கும்னு வருஷங்கள் கழிச்சுத்தான் சொன்னாங்க. கடற்படை விட்ட பலூனைப் பத்தி அப்ப விசாரிச்சவங்களுக்குத் தெரியாது, தெரியாதுன்னு எழுதி வெச்சிருக்கலாம், பதில் ஒண்ணு குடுத்தே ஆகணும்ங்கற அவசரத்துல வீனஸ்னு எழுதிட்டாங்க.

அந்த அவசரம் தனித்தனி ஆளுங்க தப்பு மட்டும்னு நான் நினைக்கல, ஏற்பாடே அப்படி இருந்துச்சு. 1952-ல ஒரே வருஷத்துல 1,501 தகவல் வந்து குவிஞ்சுது, ஜூலையில ரெண்டு வார இறுதி வாஷிங்டன் தலைக்கு மேலயே ரேடார்ல புள்ளி தெரிஞ்சு ஜெட் விமானம் அனுப்பி, ஜூலை 29 மேஜர் ஜெனரல் சாம்ஃபர்ட் பென்டகன்ல பேப்பர்காரங்களைக் கூட்டி வெப்பநிலைத் தலைகீழ் அடுக்கு, அதாவது குளிர்ந்த காத்துக்கு மேல சூடான காத்து நிக்கறது, காரணமா இருக்கலாம்னு விளக்கம் சொல்ல வேண்டி வந்துச்சு. 1953 ஜனவரியில சிஐஏ கூட்டின ராபர்ட்சன் குழுங்கற விஞ்ஞானிங்க குழு, இந்தத் தகவல் வெள்ளத்துல நிஜமான எதிரித் தாக்குதல் பத்தின செய்தி மூழ்கிடும்னு பயந்து, ஜனங்க மனசுல இருந்து இந்த மர்மத்தை எடுக்கற வேலையைப் பண்ணுங்கன்னு சொல்லிட்டுப் போச்சு. சோவியத் பயம் இருந்த காலம், அவங்க கவலை எனக்குப் புரியுது. ஆனா அதுக்கப்பறம் வந்த 200-2ங்கற விமானப்படை விதியைப் பாருங்க. என்னன்னு அடையாளம் தெரிஞ்ச கேஸைப் பத்தி மட்டும்தான் தளத்து அதிகாரிங்க வெளிய பேசலாம்னு ஆச்சு, அடையாளம் தெரியாததோட சதவீதத்தை மிகக் குறைவா ஆக்கணும்னு அதோட பின்னாடி வடிவத்துல எழுத்துலயே வந்துடுச்சு. விசாரணை முடியறதுக்கு முன்னாடியே விடை எந்தப் பக்கம் இருக்கணும்னு உத்தரவு போட்டா அதிகாரி வேற என்ன பண்ணுவாரு?

ஒவ்வொரு கேஸுக்கும் ஒரு ரெக்கார்ட் கார்டு இருக்கும், அதுல பலூன்தான், அநேகமா பலூன், பலூனா இருக்கலாம்னு மூணு கட்டம், விமானத்துக்கு மூணு, வானியலுக்கு மூணு, அப்பறம் தகவல் போதாது, தெரியாதுன்னு தனியா. எவ்வளவு அழகா யோசிச்சு வெச்ச கார்டு அது! ஆனா 1969 டிசம்பர் 17 ப்ளூ புக் கடையை மூடறப்ப வெளிய சொன்ன கணக்கு 12,618 தகவல், அதுல 701 மட்டும் அடையாளம் தெரியாததுன்னு ரெண்டே எண். மிச்சம் இருக்கற 11,917-ல உறுதியா தெரிஞ்சது எத்தனை, இருக்கலாம்னு சும்மா டிக் அடிச்சது எத்தனை, தகவலே போதாம ஒதுக்கினது எத்தனைன்னு எல்லாம் கலந்து போச்சு. மேன்டெலோட வீனஸ் மாதிரி எத்தனை பதில் அந்த 11,917-க்குள்ள உக்காந்திருக்கு?

நல்லா பண்ணினதும் இருக்கு, அதையும் சொல்லணும். 1948 கடைசியில நியூ மெக்சிகோவுல பச்சை நெருப்புப் பந்து பார்த்தோம்னு பைலட்டுங்க சொன்னப்ப விண்கல் நிபுணர் லிங்கன் லா பாஸ் தானே களத்துல இறங்கினாரு, தன் கண்ணாலயே ஒண்ணு பார்த்தாரு. 1949 பிப்ரவரியில லாஸ் அலமாஸ் அணு ஆயுத ஆய்வுக்கூடத்துல எட்வர்ட் டெல்லர் மாதிரி பெரிய இயற்பியல் விஞ்ஞானிங்க உக்காந்து பேசினாங்க. அப்பறம் ட்விங்கிள்னு ஒரு திட்டம் போட்டு ஹாலமன் விமானப்படைத் தளத்துலயும் வான்ங்கற ஊர்லயும் கேமரா வெச்சுக் காத்திருந்தாங்க. பெருசா ஒண்ணும் சிக்கல, 1951 நவம்பர்ல வந்த கடைசி ரிப்போர்ட்லயும் அதைத்தான் எழுதினாங்க. ஒண்ணும் கிடைக்காததை ஒண்ணும் கிடைக்கலன்னே எழுதின அந்த ரிப்போர்ட்டை நான் மதிக்கறேன்.

ஃப்ரான்ஸ்ல விண்வெளி மையத்துக்குக் கீழ ஜெய்பான்னு ஒரு பிரிவு 1977-ல இருந்து இருக்கு, அவங்க ஃபைல்களை ஏ, பி, சி, டின்னு பிரிச்சு வெளிய வெச்சிருக்காங்க, தகவல் போதாதது சி, ஆராய்ச்சிக்கு அப்பறமும் புரியாதது டி. ரெண்டையும் கலக்கறதில்ல. பழைய டி கேஸை மறுபடி எடுத்துப் பார்த்து, இப்ப புரிஞ்சிருச்சுன்னா காரணத்தோட எழுதி மாத்தறாங்க. அதே வேலையை ப்ளூ புக்குக்கு நீங்க பண்ணுங்கன்னுதான் கேக்கறேன். ஒவ்வொரு ஃபைலுக்கும் அந்தப் பழைய பதிலைப் பக்கத்துல போட்டு, அது எதை வெச்சு எழுதினது, இன்னிக்கு அது நிக்குதா நிக்கலையான்னு ரெண்டு வரி. இன்னிக்கு யார் லேப்டாப்லயும் 1948 ஜனவரி 7 அன்னிக்கு வீனஸ் எங்க இருந்துச்சுன்னு ஒரு நிமிஷத்துல பார்க்கலாம். அப்ப ரகசியமா இருந்த பலூன் விவரம் எல்லாம் உங்க கையில இருக்கு, எங்ககிட்ட இல்ல. வெளியாளுங்க பாதி தூரம்தான் போக முடியும், மீதியை உங்களாலதான் பண்ண முடியும். சாட்சிங்க பேரை ஃபைல்ல அழிச்சிருக்கறது சரிதான், அது அப்படியே இருக்கட்டும், எங்களுக்குத் தேவை நேரமும் திசையும் உயரமும்தான்.

முதல்ல லபக்கை எடுங்க. ரப்பெல்ட் குடுத்த வாக்குக்கு ஏறக்குறைய எழுபது வருஷம் ஆச்சு. அந்த விஞ்ஞானியோட விளக்கம் உங்க பேப்பருங்கள்ல எங்கயாவது இருந்தா, பேர் இல்லாம விளக்கத்தை மட்டும் வெளியிடுங்க. தேடியும் கிடைக்கலன்னா தேடினோம் கிடைக்கலன்னு எழுதி அந்த ஃபைல்லயே வெச்சிடுங்க, நான் சனிக்கிழமை வர்ற பசங்களுக்கு அதையே காட்டறேன்.

இப்படிக்கு,
தமிழ்நாட்டுல இருந்து, வானம் பார்க்கற ஒருத்தன்