காலபோகக் கூட்டத்தில் சிறுநீரகத்துக்கும் இடம் கொடுங்கள்: வன்னிக் கமக்கார அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

தலைவர்மாருக்கும் செயலாளர்மாருக்கும் வணக்கம்.

காலபோகக் கூட்டமென்றால் தண்ணீர் திறக்கிற திகதி, பசளை, யானை வேலி எல்லாம் பேசுவோம். இம்முறை சிறுநீரகத்துக்கும் அரை மணித்தியாலம் ஒதுக்குங்கள். 1990களில் மதவாச்சி, பதவியாப் பக்கம் தெரியவந்த, காரணம் இன்னும் உறுதியாகாத அந்தச் சிறுநீரக நோய் வவுனியா, முல்லைத்தீவுக் கிராமங்களுக்கும் புதிதில்லை. குடிநீரா, கிருமிநாசினியா, வெயிலா என்ற வாதம் ஓயவில்லை. அது ஓயும்வரை நாம் காத்திருக்க முடியாது.

ஒரு சிறுநீரகத்தில் சுமார் 10 இலட்சம் வடிகட்டிகள். ஒவ்வொன்றோடும் ஒரு நுண்குழாய். வடிந்த நீரிலிருந்து உப்பையும் சீனியையும் திரும்ப உறிஞ்சுவது அந்தக் குழாய்ச் சுவரிலுள்ள கலங்கள். ஓயாத வேலை, அதனால் ஒட்சிசனும் நிறைய வேண்டும். இரத்தம் குறைந்தாலோ நஞ்சு வந்தாலோ முதலில் அடி வாங்குவது இவைதான். கலத்துக்குச் சக்தி கொடுக்கும் இழைமணி தளர்ந்தால், சோடியத்தை வெளியே தள்ளும் பம்பி நிற்கும். தண்ணீர் உள்ளே ஏறி, கலம் ஊறப்போட்ட உழுந்து மாதிரி வீங்கும். அதுவரை மீளலாம். மென்சவ்வு கிழிந்து கல்சியம் உள்ளே பாய்ந்தால் சரி, கதை முடிந்தது. செத்த கலங்கள் உதிர்ந்து குழாயை அடைக்கும். ஒருமுறை விழுந்த அடியென்றால் மிஞ்சிய கலங்கள் பெருகி இடத்தை நிரப்பிவிடும். போகத்துக்குப் போகம் விழுந்தால் தழும்புதான் மிஞ்சும். இவ்வளவும் நோவில்லாமல் நடக்கும்.

மருந்தடிக்கிற நாளை நினைத்துப் பாருங்கள். முதுகில் மிசின், தலைக்கு மேல் வெயில், போத்தல் தண்ணீர் தூர வரம்பில். பின்னேரம் நாரி நோகுதென்று பாமசியில் துண்டில்லாமல் வாங்கிய டைக்ளோபெனாக் குளிசை. உடம்பில் நீர் வற்றும்போது சிறுநீரகத்துக்குப் போகும் நாடியை விரித்து வைப்பது, உடம்பே சுரக்கும் புரோஸ்டாகிளான்டின் என்ற பொருள். இந்தக் குளிசை அதைத்தான் மறிக்கிறது. விற்கிறவரும் சொல்வதில்லை, வாங்குகிறவரும் கேட்பதில்லை.

ஆகவே, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு இப்போதே கடிதம் எழுதி, கூட்டம் நடக்கிற இடத்திலேயே இரத்தம் எடுக்கக் கேளுங்கள். சிறுநீரில் பட்டி தோய்த்துப் பார்ப்பது மட்டும் போதாது. இந்த நோயில் ஆரம்பத்தில் புரதம் பெரிதாக இறங்காது. இரத்தத்தில் அளந்து பார்க்கும் கழிவான கிரியேட்டினினும் சிறுநீரகத்தின் பாதி வேலை போன பிறகே எல்லையைத் தாண்டும், அதனால் ஒவ்வொரு வருடப் பரிசோதனைத் துண்டையும் எறியாமல் வைத்து ஒப்பிட வேண்டும்.

அப்புறம், கூப்பிடும்போது அங்கத்தவர் பட்டியலோடு நிற்காதீர்கள். அதில் இருப்பது பெரும்பாலும் காணிக்காரர் பெயர். கூலிக்கு மருந்தடிக்கிற பெடியனும் களை பிடுங்குகிற பெண்களும் அதில் இல்லை.

இப்படிக்கு,
வவுனியா வடக்கிலிருந்து ஒரு கமக்காரன்