அரையாண்டு விடுமுறைக்கு முன் பெற்றோருக்குக் கடிதம்

கிருஷ்ணகிரி

அன்புள்ள பெற்றோர்களுக்கு, வணக்கம்.

அரையாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. பத்தாம் வகுப்புக் கணக்கில் முன்னேற்றம் தெரிகிறது. கோகோ அணி மாவட்டப் போட்டி வரை போய் வந்தது. கலை நிகழ்ச்சிகளிலும் பிள்ளைகள் பரிசு வாங்கினார்கள். எல்லோருக்கும் வாழ்த்துகள்.

அடுத்து போட்டோ வகுப்பு. இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

புதன்கிழமை மாலை நடக்கும் இந்த வகுப்பை எடுப்பது பதினோராம் வகுப்பு மாணவர்கள். எட்டு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அவர்களேதான் வாத்தியார். இயற்பியல் ஆசிரியர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பார், அவ்வளவுதான். கேமராவே எல்லாம் பார்த்துக்கொள்ளும் ஆட்டோவில் வைத்து அமுக்குவதற்கு வகுப்பு எதற்கு என்று முதல் நாளே கேமராவை, எல்லாவற்றையும் நாமே வைக்கும் மேனுவலுக்குத் திருப்பிவிட்டார்கள். ஒரு நாள் நானும் போய் உட்கார்ந்தேன். போர்டில் எஃப்/8 (அபர்ச்சர், அதாவது லென்ஸின் திறப்பு; எண் குறைந்தால் திறப்பு பெரிது), 1/125 (ஷட்டர் திறந்திருக்கும் நேரம், நொடியில்) என்று எழுதிவிட்டு, "அபர்ச்சரை எஃப்/4க்குத் திறந்தா வெளிச்சம் நாலு மடங்கு வரும். அப்போ படம் அதே வெளிச்சத்துல வர ஷட்டர் எவ்வளவு வைக்கணும்?" என்று ஒரு மாணவி கேட்டாள். பின்வரிசையிலிருந்து 1/500 என்று பதில் வந்தது. பின்னக் கணக்கு என்றாலே ஓடி ஒளிகிற பையன் அவன்.

இந்தப் பருவத்தில் அவர்கள் எடுத்துக்கொண்ட பெரிய வேலை நடுகல் படம். நம் பக்கம் ஏரிக்கரையிலும் வயல் ஓரத்திலும் நடுகற்கள் நிற்பது உங்களுக்குத் தெரியும். உச்சி வெயிலில் எடுத்தால் வெறும் பாறையாகத்தான் தெரியும். காலை வெயில் பக்கவாட்டில் சாய்ந்து விழும்போது எடுத்தால் வீரனின் வாளும் தேய்ந்த எழுத்தும் நிழல் கட்டி எழுந்து வரும். ஸ்டாண்டில் வைத்து, ஐ.எஸ்.ஓ. (வெளிச்சத்துக்கான உணர்திறன் அளவு) 100ல், ரா ஃபைலாகவும் (கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் பெரிய ஃபைல்) ஜேபெக்காகவும் (சுருக்கிய சாதாரணப் படம்) எடுத்தார்கள். விடிகாலையில் எடுக்க வேண்டும் என்பதால்தான் முன்னாள் மாணவர்கள் வாங்கித் தந்த கேமராக்களை வெள்ளி மாலை வீட்டுக்கு அனுப்பி, திங்கள் காலை திரும்ப வாங்கினோம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சில வாரங்களாக அந்தக் கேமராக்கள் வேறு வேலைக்கும் போய் வந்திருக்கின்றன. கார்டில் காதுகுத்து இருந்தது, வளைகாப்பு இருந்தது, புது டிராக்டருக்குப் போட்ட பூஜையும் இருந்தது. படங்கள் நன்றாகவே இருந்தன. வீட்டில் விசேஷம், கையில் கேமரா, எடுக்கத் தோன்றுவது இயல்புதான். ஆனால் ரா ஃபைல் ஒவ்வொன்றும் 20, 25 எம்.பி. பிடிக்கும்; கார்டு சீக்கிரம் நிரம்பிவிடும். இடமில்லை என்று காட்டியதும் யாரோ ஃபார்மேட் கொடுத்துவிட்டார்கள்.

ஃபார்மேட் கொடுத்தவுடன் படங்கள் பெரும்பாலும் அழிந்துவிடுவதில்லை. எது எங்கே இருக்கிறது என்ற பட்டியல்தான் போகும். அந்தக் கார்டைத் தொடாமல் வைத்திருந்தால் மீட்டிருக்கலாம். அதன் மேலேயே விசேஷத்தின் வீடியோ முழுதும் ஏறிவிட்டது. பிள்ளைகள் மென்பொருள் போட்டு இரண்டு மாலை போராடினார்கள். கிடைத்த சில படங்களில் மேலே கல், கீழே வெறும் சாம்பல் நிறம். லென்ஸின் மேல் மஞ்சள் பட்ட விரல் தடம், அதைத் துண்டு நுனியால் துடைத்த கீறல். அடுத்த வகுப்பில் ஐ.எஸ்.ஓ. 6400ல் கிடந்ததை யாரும் கவனிக்காததால் எல்லாப் படமும் புள்ளி புள்ளியாக வந்தது; ஐ.எஸ்.ஓ.வை அவ்வளவு கூட்டினால் அப்படித்தான் ஆகும்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். இது பள்ளிக் கேமரா. வீட்டு விசேஷத்துக்கு எடுக்கக் கூடாது. "சார், பையனையாவது அனுப்புங்க, அவனே எடுத்துடுவான்" என்பதும் கூடாது. அவன் படிக்க வந்தவன். தவிர, நம் ஊரில் ஸ்டுடியோ வைத்திருப்பவர்களும் பிழைக்க வேண்டும். பொங்கலை ஒட்டி எருது விடும் விழாவுக்குக் கேமரா கிடைக்குமா என்று இப்போதே இருவர் கேட்டுவிட்டார்கள். கிடைக்காது. ஜனவரியிலிருந்து கேமரா எந்த வீட்டிலும் இரவு தங்காது. சனிக்கிழமை காலை 6 மணிக்கு ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டு இரண்டு மாணவர்கள் சேர்ந்து எடுத்துப் போவார்கள், 10 மணிக்குள் திரும்ப வர வேண்டும். பழுதானால் செலவு எடுத்துப் போனவர் வீட்டுடையது.

அதற்குப் பதில் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். விடுமுறையில் தினமும் அரை மணி நேரம் உங்கள் போனைக் கொடுங்கள். போன் கேமராவில் ப்ரோ மோடு (அளவுகளை நாமே வைக்கும் வசதி) இருந்தால் போதும். பெரும்பாலான போன்களில் அபர்ச்சர் மாறாது, ஷட்டரையும் ஐ.எஸ்.ஓ.வையும் வைத்துப் பழகலாம். போனில் வேறு என்ன பார்க்கிறார்கள் என்பதை நீங்கள்தான் கவனிக்க வேண்டும்.

கோபமாக எழுதியதாக நினைக்க வேண்டாம். நடந்ததைத் தாங்களே வந்து சொன்ன குடும்பத்துக்கு நன்றி. லென்ஸை எப்படித் துடைப்பது என்று வந்து காட்டிக்கொடுத்த ஸ்டுடியோக்காரர் ஒருவரும் நம் பெற்றோர்தான், அவருக்கும் நன்றி. விடிகாலையில் பிள்ளைகளை வண்டியில் ஏற்றி ஏரிக்கரைக்குக் கூட்டிப்போன அப்பா அம்மாக்கள் இல்லாமல் ஒரு படமும் வந்திருக்காது. பொங்கல் முடிந்ததும் அதே கற்களை மறுபடி எடுக்கப் போகிறார்கள், வண்டி தேவைப்படும்.

அப்புறம், பேட்டரி சார்ஜர் ஒன்று இன்னும் வந்து சேரவில்லை. கறுப்பு நிறம், வயரில் பச்சை டேப் சுற்றியிருக்கும். யார் வீட்டில் இருந்தாலும் வாட்ச்மேன் அண்ணனிடம் கொடுத்துவிடுங்கள். யார் என்று கேட்க மாட்டோம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்