மயிலாடுதுறை – தரங்கம்பாடி பழைய ரயில் கரையை அளந்து பதிவு செய்ய நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

மயிலாடுதுறையிலிருந்து செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி, பொறையாறு வழியாகத் தரங்கம்பாடி வரை சுமார் 30 கி.மீ. தூரம் சென்ற மீட்டர் கேஜ் ரயில் பாதை 1926இல் திறக்கப்பட்டு, 1986இல் மூடப்பட்டது. தண்டவாளம் போய்விட்டது. எஞ்சியிருப்பவை மண் கரையின் துண்டுகளும், தண்ணீர் குறுக்கே போவதற்காக விடப்பட்ட சிறு பாலங்களும் மதகுகளும், பெரியவர்கள் வாயில் இன்னும் வழங்கும் 'ரயிலடி' என்ற சொல்லும்தான். கரையும் மதகுகளும் முற்றிலும் மறைவதற்கு முன் அவற்றை முறையாக அளந்து வரைபடமாக்கும் பணிக்கு உங்கள் பொருளுதவியை நாடுகிறோம்.

மூடிய பாதையை இப்போது அளப்பதால் யாருக்கு என்ன பயன் என்று குழுவுக்குள்ளேயே சிலர் கேட்டார்கள். வடிகாலை நினைத்துப் பார்த்தால் அதற்கு விடை கிடைக்கும். வீரசோழன், மஞ்சளாறு, மகிமலையாறு முதலிய காவிரிக் கிளைகள் கடல் நோக்கி ஓடும் இக்கடைமடைப் பகுதியில் நிலத்தின் சரிவு மிகக் குறைவு. ஐப்பசி, கார்த்திகை மழையில் வயலில் நிற்கும் தண்ணீர் வடிய நாட்கணக்காகும். இத்தகைய நிலத்தில் நீளமாக ஒரு மேட்டைப் போட்டால், அது ஆற்றின் போக்கிலேயே சென்றாலும், பக்கவாட்டில் வடியும் தண்ணீரை மறித்துவிடும். அதனால்தான் பாதை போடுவதற்கு முன் நிலமட்டம் பார்ப்பதோடு நில்லாமல், எந்த ஆண்டு வெள்ளம் எதுவரை ஏறியது என்று ஊராரிடமும் விசாரித்து, கரையின் உயரத்தையும் நீர்வழிகளின் அகலத்தையும் முடிவு செய்வது அக்கால ரயில்வே சர்வேயின் வழக்கம். இந்தப் பாதை திறப்பதற்கு இரண்டே ஆண்டுகள் முன்பு, மேட்டூர் அணை இல்லாத 1924இல், காவிரியில் பெருவெள்ளம் வந்ததையும் நினைவில் கொள்ள வேண்டும். ஆகவே இக்கரையிலுள்ள ஒவ்வொரு மதகையும், இந்த இடத்தில் இவ்வளவு தண்ணீர் போகும் என்று அன்றைய பொறியாளர்கள் எழுதி வைத்த குறிப்பாகவே நாங்கள் பார்க்கிறோம்.

அருகிலுள்ள பேரளம் – காரைக்கால் பாதை, 1898இல் திறக்கப்பட்டுப் பின்னர் மூடப்பட்டு, இப்போது அகலப்பாதையாக மீண்டும் போடப்பட்டிருக்கிறது. தரங்கம்பாடிக்கும் ரயில் வேண்டும் என்பது பல்லாண்டுக் கோரிக்கை. எங்களில் பெரும்பாலோர் அதை விரும்புகிறவர்களே. ஆயினும் இந்த வேண்டுகோள் அதற்கானது அன்று. நாளை அங்கே ரயில் வந்தாலும், சாலை வந்தாலும், வீட்டுமனைகள் வந்தாலும், பழைய நீர்வழி எங்கே, எத்தனை அடி அகலத்தில் இருந்தது என்று காட்டும் அளவுகள் ஊரின் கையில் இருக்க வேண்டும் என்பதே எங்கள் நோக்கம்.

வழக்கப்படி ஜனவரி 28இல் மேட்டூர் அணை மூடப்பட்டு வாய்க்கால்கள் வறண்ட பின், மாசி தொடங்கி, ஜூன் 12க்குப் பிறகு புதுத் தண்ணீர் கடைமடைக்கு வருவதற்குள், 24 நாட்கள் கரை நெடுக நடந்து அளக்கத் திட்டமிட்டுள்ளோம். ஒவ்வொரு மதகின் அகலம், உயரம், அடிமட்டம், இரு பக்கத்து வயல் மட்டம் ஆகியவை பதிவாகும். தூர்ந்து போனவற்றையும் விடமாட்டோம். பிறகு கார்த்திகையில் தண்ணீர் நிற்கும்போது அதே இடங்களுக்குத் திரும்பச் சென்று நீர்மட்டத்தைக் குறிப்போம். வறண்ட காலத்து அளவை மட்டும் வைத்துக்கொண்டு வடிகாலைப் பற்றிப் பேசுவது பாதிக் கணக்கே ஆகும். வயல்களின் எல்லையும் அளவும் காட்டும் கிராமப் புலப்படங்களையும், எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கிடைக்கும் பழைய தாள்களையும் இவற்றோடு ஒப்பிடுவோம். ரயில்வே நிலத்திலும் தனியார் வயலிலும் உரிய அனுமதி பெற்ற பின்னரே கால் வைப்போம்.

செலவு மொத்தம் ரூ. 3,60,000. சர்வேயர், இரு உதவியாளர்கள், கருவி வாடகை என நாளொன்றுக்கு ரூ. 7,000 வீதம் 24 நாட்களுக்கு ரூ. 1,68,000, மழைக்கால அளவைக்கு ரூ. 45,000, ஆவண நகல்களுக்கும் பயணத்துக்கும் ரூ. 52,000, வரைபடம் தயாரித்து அச்சிட ரூ. 95,000. குழுவினர் தங்களுக்குள் ரூ. 84,000 திரட்டிவிட்டோம், இன்னும் ரூ. 2,76,000 தேவை. இயன்றவர்கள் ஒரு நாள் அளவைச் செலவை ஏற்கலாம்; நூறு ரூபாய் தந்தாலும் ரசீது உண்டு. வருமான வரிச் சலுகைக்கான பதிவு எங்களிடம் இல்லை என்பதையும் முன்கூட்டியே தெரிவிக்கிறோம்.

1894இல் திறக்கப்பட்ட மாயவரம் (இன்றைய மயிலாடுதுறை) – முத்துப்பேட்டைப் பாதையைத் தஞ்சை ஜில்லா போர்டு மக்களிடம் கூடுதல் வரியாக வசூலித்த செஸ் பணத்தில்தான் போட்டது. ரயிலுக்காக இவ்வட்டாரம் பணம் கொடுப்பது புதிதன்று. பணம் தர இயலாதவர்கள், பழைய புகைப்படம், பயணச்சீட்டு, வெள்ளம் ஏறிய மட்டத்தைக் குறித்த வீட்டுச் சுவர் என எது இருந்தாலும் தெரிவியுங்கள். நாங்களே வந்து படமெடுத்துக்கொள்கிறோம். தரங்கம்பாடிப் பாதையில் தண்டவாளத்தைப் பராமரித்த தொழிலாளர்களான கேங்மேன்கள், அவர்கள் குடும்பத்தினர் எவரேனும் இருந்தால் அவர்களைச் சந்திக்கப் பெரிதும் விரும்புகிறோம்.

வரவு செலவுக் கணக்கு மாதந்தோறும் நன்கொடையாளர்களுக்கு அனுப்பப்படும். அச்சிட்ட வரைபடத்தின் படிகள் பாதையோர ஊராட்சிகளுக்கும் பள்ளிகளுக்கும் விலையின்றி வழங்கப்படும். வங்கிக் கணக்கு விவரத்தைக் குழுப் பொருளாளரிடம் நேரில் கேட்டுப் பெற்றுக்கொள்ளவும். மாசி பிறப்பதற்குள் தொகை வந்து சேர்ந்தால்தான் இந்த ஆண்டு வறண்ட காலத்தைத் தவறவிடாமல் இருக்க முடியும்.

இப்படிக்கு,
செயற்குழுவினர்